ஆரூரா தியாகேசா! திருவாரூர்க் கோயில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூருக்கு முதல்முறை வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சுவாமிக்கு ஏன் முகம் மட்டும் தெரிகிறது, நந்தி ஏன் நிற்கிறது, தேர் என்றைக்கு, கடன் தீர எந்தச் சன்னதி. அவற்றோடு கேட்காமல் விட்டுப்போகிற சிலவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். புராணத்தைப் புராணமாகவும் கல்வெட்டைக் கல்வெட்டாகவும் சொல்கிறேன். கலந்துவிட்டால் இரண்டின் ருசியும் போய்விடும்.

இங்கே மூலவர் தியாகராஜர்தானே?

இல்லை. மூலவர் வன்மீகநாதர். தமிழில் புற்றிடங்கொண்டார். புற்றிலே எழுந்த சுயம்பு என்பதால் அந்தப் பெயர். பஞ்சபூதத் தலங்களில் பிருத்வி, அதாவது மண், காஞ்சிபுரத்துக்கு உரியது என்பார்கள்; திருவாரூரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. காரணம் இந்தப் புற்றுதான்.

தியாகராஜர் இருப்பது அவருக்குத் தெற்கே, பக்கத்துச் சன்னதியில். சிவன், உமை, நடுவில் குழந்தை முருகன் என்று அமைந்த சோமாஸ்கந்த மூர்த்தம். ஆனால் ஊரே அவர் பேரைச் சொல்லித்தான் பிழைக்கிறது. கொடி அவருக்கு, தேர் அவருக்கு, பட்டம் அவருக்கு. மூலவரைப் பார்க்காமல் தியாகராஜரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய. அப்படிச் செய்யாதீர்கள், புற்றிடங்கொண்டார் இங்கே முதலில் குடிவந்தவர்.

கோயில் எவ்வளவு பழையது?

இந்தக் கேள்வியை அப்பரே கேட்டிருக்கிறார். 7ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய ஒரு திருத்தாண்டகம் முழுக்க இதே விசாரணைதான்: அதைச் செய்த நாளுக்கு முன்னோ பின்னோ, இது நடந்த நாளுக்கு முன்னோ பின்னோ நீ 'திருவாரூர் கோயிலாக் கொண்ட நாளே' என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். அவர் காலத்திலேயே தொடக்கம் தெரியாத அளவுக்குப் பழையது என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது நிற்கும் கற்கட்டடம் ஒரே காலத்தில் எழுந்ததல்ல. உள்ளே இருக்கும் அரநெறி என்ற அசலேசுவரர் கோயிலைக் கல்லில் எடுப்பித்தவர் சோழ அரசி செம்பியன் மாதேவியார். முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் அணுக்கியார் பரவை நங்கையார் என்ற பெண்மணி வருகிறார். அரசனுக்கு நெருக்கமானவர். தியாகராஜர் கோயிலில் பொன் வேய்ந்த திருப்பணியோடு அவர் பெயர் சேர்ந்திருக்கிறது. அரசனும் அவரும் நின்று சாமி கும்பிட்ட இடத்தில் ஒரு விளக்கு வைத்ததையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். போர், வெற்றி, வரி என்று அடுக்கும் சோழர் கல்வெட்டுகளுக்கு நடுவே இருவர் சேர்ந்து நின்ற இடத்துக்கு ஒரு விளக்கு! எனக்கு இந்தக் கோயிலிலேயே மிகவும் பிடித்த செய்தி அதுதான்.

தியாகராஜர் எப்படித் திருவாரூருக்கு வந்தார்?

பாற்கடலில் திருமால் தன் மார்பில் வைத்துப் பூசித்த மூர்த்தி என்று தலபுராணம் தொடங்குகிறது. அவரிடமிருந்து இந்திரனுக்குப் போனது. இந்திரனுக்கு அசுரனால் ஆபத்து வந்தபோது உதவிக்குப் போனவன் முசுகுந்தச் சக்கரவர்த்தி. முசு என்றால் குரங்கு. முற்பிறவியில் கயிலையில் குரங்காக இருந்து, சிவராத்திரி இரவில் மரத்தின் மேலிருந்து வில்வ இலைகளைப் பறித்துப் பறித்துக் கீழே போட்டதாம். கீழே சிவனும் உமையும். குரங்கு வேண்டுமென்றே செய்யவில்லை, ஆனாலும் பூசை பூசைதான். சக்கரவர்த்தியாகப் பிறக்க வரம் கிடைத்தது. அகந்தை வந்துவிடக் கூடாது என்று குரங்கு முகத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

போர் முடிந்ததும் என்ன வேண்டும் என்று இந்திரன் கேட்க, நீ பூசிக்கும் தியாகராஜரைக் கொடு என்றான். இந்திரனுக்குக் கொடுக்க மனமில்லை. தேவத்தச்சனைக் கொண்டு அச்சு அசலாக இன்னும் ஆறு மூர்த்திகளைச் செய்து, ஏழையும் வரிசையாக வைத்து, எது உண்மையானது என்று கண்டுபிடி என்றான். முசுகுந்தன் சுவாமியின் அருளால் சரியாகக் கைகாட்டினான். வெட்கப்பட்ட இந்திரன் ஏழையும் கொடுத்துவிட்டான்.

இந்தக் கதையைப் படிப்பதைவிடப் பார்ப்பது மேல். தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் சுமார் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியங்களில் முசுகுந்தன் கதை காட்சி காட்சியாக ஓடுகிறது, அடியில் தமிழில் விளக்கமும் எழுதி. வரைந்தவர் சிங்காதனம் என்ற ஓவியர், தன் பெயரையும் அங்கேயே எழுதிவைத்திருக்கிறார். திருவிழாக் காட்சிகளில் கூட்டம், வாத்தியக்காரர்கள், ஆடும் பெண்கள், வாணவேடிக்கை எல்லாம் உண்டு. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

மற்ற ஆறு மூர்த்திகள் எங்கே?

ஏழும் சேர்ந்தவை சப்தவிடங்கத் தலங்கள். விடங்கம் என்றால் உளியால் செதுக்கப்படாதது. ஒவ்வோர் ஊரிலும் சுவாமிக்கு ஒரு பெயர், ஒரு நடனம். திருவாரூரில் வீதிவிடங்கர், அஜபா நடனம். திருநள்ளாற்றில் நகவிடங்கர், பித்தேறியவர் ஆடுவது போன்ற உன்மத்த நடனம். நாகப்பட்டினத்தில் சுந்தரவிடங்கர்; கடற்கரை ஊர் என்பதால் அலை எழுந்து அடங்குவது போன்ற ஆட்டம். திருக்காரவாசலில் ஆதிவிடங்கர், கோழி நடப்பது போன்ற குக்குட நடனம். திருக்குவளையில் அவனிவிடங்கர், வண்டு ரீங்கரிப்பது போன்ற பிருங்க நடனம். திருவாய்மூரில் நீலவிடங்கர், தாமரை அசைவது போன்ற கமல நடனம். வேதாரண்யத்தில் புவனிவிடங்கர், அன்னநடை.

அஜபா நடனம் என்றால்?

வாயால் சொல்லாமலே சொல்லப்படும் மந்திரம் அஜபை. உள்ளே போய் வெளியே வரும் மூச்சுதான் அது. திருமால் மார்பில் இருந்தபோது அவர் மூச்சுக்கு ஏற்ப சுவாமி எழுந்து தாழ்ந்து ஆடினார் என்பது கதை.

சுவாமி புறப்படும் நாளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வேறு கோயில்களில் பல்லக்கை ஆடாமல் அசையாமல் தூக்குவது பெருமை. இங்கே நேர்மாறு. தூக்குகிறவர்கள் முன்னும் பின்னும், பக்கத்துக்குப் பக்கம் அசைந்து அசைந்துதான் கொண்டு வருவார்கள். மாலைகளுக்கு நடுவே அந்த முகம் மட்டும் மேலே எழும், தாழும். சில நிமிடம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் நம் மூச்சும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

சுவாமியின் முகம் மட்டும் தெரிவது ஏன்?

தியாகராஜரின் முகமும் பக்கத்தில் அம்பாள் முகமும்தான் தரிசனத்துக்கு. மற்றதெல்லாம் ஆடையும் மலர்களும் மூடியிருக்கும். சிதம்பரத்தில் ரகசியம் திரைக்குப் பின்னால், இங்கே அது துணிக்குள்ளே. ஏன் மூடுகிறார்கள் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். உள்ளே ஸ்ரீசக்கரம் இருக்கிறது என்பது அதில் ஒன்று.

வருடத்தில் இரண்டு நாள் மட்டும் பாத தரிசனம்: மார்கழித் திருவாதிரைக்கு ஒரு பாதம், பங்குனி உத்திரத்துக்கு மற்றது. பதஞ்சலி முனிவருக்குப் பாதம் காட்டிய இடம் என்று ஊரையொட்டிய விளமல் கோயிலைச் சொல்வார்கள். வந்தால் அதையும் எட்டிப் பார்த்துவிடுங்கள்.

திருவாதிரை இங்கே நேற்று வந்த விழாவல்ல. அப்பர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார், வேறு ஊரிலிருந்து 'ஆரூர் ஆதிரை நாள்' எப்படி இருந்தது என்று நினைத்துச் சொல்வதுபோல. முத்து விதானம், பொற்கவரி, முன்னும் பின்னும் அடியார் கூட்டம் என்று கண்முன்னே ஊர்வலம் நகர்கிறது.

அபிஷேகம் சுவாமிக்கு எப்படி நடக்கிறது?

மூடியிருக்கும் சுவாமிக்குத் தினசரி அபிஷேகம் கிடையாது. காலையிலும் மாலையிலும் மரகத லிங்கத்துக்கு நடக்கும். வீதிவிடங்கர் என்ற பெயரால் இந்த லிங்கத்தையும் குறிப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் பச்சைக் கல். அபிஷேகம் முடிந்ததும் வெள்ளிப் பெட்டிக்குள் போய்விடும். சற்று முன்னதாகவே போய் நின்றுகொள்ளுங்கள், பின்வரிசையில் நின்றால் குருக்களின் முதுகுதான் தெரியும்.

ஒரே ஒரு வேளைதான் வர முடியும் என்றால் மாலையில் வாருங்கள். சாயரட்சைக்கு, அதாவது மாலைப் பூசைக்கு, இங்கே திருவந்திக்காப்பு என்று பெயர். அந்த நேரத்தில் தேவர்கள் எல்லாரும் வந்து நிற்பதாக நம்பிக்கை.

நந்தி நிற்பதும் நவக்கிரகங்கள் ஒரே வரிசையில் இருப்பதும் ஏன்?

நந்தி நிற்பது சுவாமியின் தோழரான சுந்தரருக்காக என்பது ஊர்க் கதை. தோழனுக்காக சுவாமி எந்த நேரம் கிளம்புவாரோ தெரியாது, உட்கார நேரமில்லை. நவக்கிரகங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் வரிசையாக நிற்பதற்குக் காரணம், தியாகராஜர் ஊரில் அவற்றுக்கு வேலை இல்லை என்பது. வேலை இழந்தவர் இன்னொருவரும் உண்டு. திருவாரூரில் பிறந்தாலே முத்தி என்பதால் எமனுக்கு இங்கே பிழைப்பில்லை. சண்டிகேசுவரர் பதவியை வாங்கிக்கொண்டு எம சண்டிகேசுவரராக உட்கார்ந்திருக்கிறார்.

பிறந்தாலே முத்தியா? அப்படியானால் வெளியூர்க்காரர்கள் என்ன செய்வது?

காசியில் இறக்க முத்தி, தில்லையைத் தரிசிக்க முத்தி, அண்ணாமலையை நினைக்க முத்தி, ஆரூரில் பிறக்க முத்தி என்பது பழைய வழக்கு. இதில் திருவாரூர்தான் நம் கையில் இல்லாதது. அதனால் வெளியூர்க்காரர்களுக்குச் சின்னப் பொறாமை இருக்கும்.

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் பெரியபுராணத்தில் நமிநந்தியடிகள் கதை இருக்கிறது. ஏமப்பேரூர்க்காரர், நாள்தோறும் ஆரூருக்கு வந்து விளக்கேற்றுகிறவர். ஒரு நாள் சுவாமி திருமணலிக்கு எழுந்தருள, எல்லாச் சாதியாரும் கலந்து போனார்கள், இவரும் போனார். இரவு வீட்டுக்கு வந்தவர் உள்ளே நுழையவில்லை. எல்லாரோடும் கலந்துவிட்டேன், தீட்டாகிவிட்டது, குளித்துவிட்டுத்தான் பூசை செய்ய வேண்டும், தண்ணீர் கொண்டுவா என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வாசலிலேயே அயர்ந்து தூங்கிவிட்டார். கனவில் ஆரூர்ப் பெருமான் வந்தார். திருவாரூரில் பிறந்தவர்கள் எல்லாரும் என் கணங்கள், அதை நீ காண்பாய் என்றார். விடிந்து ஊருக்குள் போனால் எதிரே வருகிற ஒவ்வொருவரும் சிவகணமாகத் தெரிகிறார்கள். தரையில் விழுந்து கும்பிட்டார்.

சுந்தரரும் திருத்தொண்டத்தொகையில் தனி அடியார்களோடு 'திருவாரூர்ப் பிறந்தார்கள் எல்லார்க்கும் அடியேன்' என்று மொத்த ஊரையும் சேர்த்துக்கொண்டார். சலித்துப் பிரித்து எடுக்கவில்லை, எல்லாரும். என்னைக் கேட்டால் இந்தக் கோயிலின் எல்லாக் கதைகளும் இங்கேதான் வந்து சேர்கின்றன. வீதிவிடங்கர் என்று பெயர் வைத்துக்கொண்டு வீதியில் இருப்பவர்களை ஒதுக்க முடியுமா?

சோமாசிமாற நாயனார் பற்றி வழங்கும் கதையும் இதே போக்குதான். அம்பரில் தான் செய்யும் சோமயாகத்துக்குத் தியாகராஜரே நேரில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். சுவாமியும் வந்தார். எப்படி? பறை அடித்துக்கொண்டு, செத்த கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நாய்களைப் பிடித்துக்கொண்டு, கூடவே அம்பாள் தலையில் கள்ளுக்குடம். யாகத்துக்கு வந்த வேதியர்கள் ஓடிவிட்டார்கள். யார் என்று புரிந்துகொண்டு நின்றவர் சோமாசிமாறர்.

சுந்தரருக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

என்ன தொடர்பு இல்லை என்று கேட்பது சுலபம். பரவையாரை மணந்தது இங்கே. திருத்தொண்டத்தொகை பிறந்தது இங்கே, அதுவும் ஒரு சண்டையில். தேவாசிரிய மண்டபத்தில் கூடியிருந்த அடியார்களை வணங்காமல் சுந்தரர் நேரே உள்ளே போக, செங்குன்றூரிலிருந்து வந்திருந்த விறன்மிண்டருக்குக் கோபம் வந்தது. இவனும் நமக்குப் புறம்பு, இவனை ஆண்ட சிவனும் புறம்பு என்று சொல்லிவிட்டார். சுவாமியையே தள்ளிவைத்த துணிச்சலைப் பாருங்கள். அப்புறம்தான் 'தில்லைவாழ் அந்தணர்' என்று சுவாமி அடியெடுத்துக் கொடுக்க, சுந்தரர் அடியார்களைப் பாடினார். அந்தப் பதினொரு பாட்டை வைத்துத்தான் பின்னால் சேக்கிழார் பெரியபுராணத்தை விரித்தார்.

ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்ற பழமொழியும் இவரால் வந்ததுதான். திருமுதுகுன்றத்தில் கிடைத்த 12,000 பொன்னைச் சுவாமி சொற்படி மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் இறங்கித் தேடி எடுத்தார். பொன்னின் மாற்றை உரசிச் சொன்னவர் குளக்கரை மாற்றுரைத்த பிள்ளையார். நகை வாங்கப் போகிறவர்கள் அவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம்.

திருவொற்றியூரில் இரண்டாவதாக மணந்த சங்கிலியாருக்கு, பிரிய மாட்டேன் என்று கொடுத்த சத்தியத்தை மீறிக் கண்ணிழந்தார். காஞ்சியில் ஒரு கண், மற்றது இங்கே வந்து கிடைத்தது. வீட்டுக்குப் போனால் பரவையார் கதவைத் திறக்கவில்லை. தோழனுக்காக சுவாமியே நள்ளிரவில் இரண்டு தடவை பரவையார் வீட்டுக்குத் தூது நடந்தார். முதல் தடவை அர்ச்சகர் வேடத்தில் போய்த் தோற்றுத் திரும்பினார், இரண்டாம் தடவை தன் சொந்த உருவில், கணங்களோடு. வீதிவிடங்கர் என்ற பெயர் அன்றைக்குத்தான் உண்மையிலேயே பொருந்தியது.

மனுநீதிச் சோழன் கதை நடந்தது இங்கேதானா?

கன்றின் மேல் தேரை ஏற்றிய மகனை, அதே போலத் தேர்க்காலில் இட்ட அரசன். சேக்கிழார் திருவாரூரின் பெருமையைச் சொல்லும்போது இந்தக் கதையை இங்கே வைத்தே சொல்கிறார். கோயில் கல்வெட்டு ஒன்றும், விக்கிரம சோழன் காலத்தது, இதே கதையைச் சொல்கிறது. ஆனால் சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் இந்த அரசனைச் சொல்லிவிட்டு, புகார் என் ஊர் என்கிறாள். ஆகவே காவிரிப்பூம்பட்டினத்துக்காரர்களும் பங்கு கேட்கலாம். திருவாரூரில் மதிலுக்கு வெளியே, வடகிழக்கில், அந்த நிகழ்ச்சியைக் காட்டும் கல்தேர் இருக்கிறது.

அம்பாள் சன்னதிகள் இரண்டா?

தியாகராஜருக்குத் துணை நீலோத்பலாம்பாள். அவர் சன்னதியில் தோழியின் இடுப்பில் குழந்தை முருகன் இருப்பான், அம்பாள் கை அவன் தலையைத் தொடும். பெரிய கோயில்களில் இவ்வளவு வீட்டுத்தனமான காட்சி அபூர்வம். கமலாம்பாள் அப்படியல்ல, தனிக்கோயில், தவக்கோலம், கால்மேல் கால் போட்ட யோக இருக்கை. ஆடிப்பூரம் அவருக்கு.

முத்துசுவாமி தீட்சிதரின் கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகள் இவர்மேல்தான். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளான தீட்சிதர் (1775), தியாகராஜ சுவாமிகள் (1767), சியாமா சாஸ்திரி (1762) மூவரும் பிறந்த ஊரும் இதுதான் என்பதால் சங்கீதக்காரர்கள் தனியாக ஒரு யாத்திரை வருவார்கள்.

பஞ்சமுக வாத்தியம் இன்னும் வாசிக்கிறார்களா?

உண்டு. ஒரே குடத்தில் ஐந்து வாய், ஒவ்வொன்றுக்கும் தோல் போர்த்தியிருக்கும், நடுவாய் பெரியது. பரம்பரையாக வாசிக்கும் குடும்பத்தாருக்குத்தான் அந்த உரிமை. நாதசுரத்திலும் இந்தக் கோயிலுக்குத் தனி மரபு இருந்தது. அதே போல சுவாமி முன் ஆடவும் பாடவும் கொண்டி என்ற மரபைச் சேர்ந்த தேவரடியார்களுக்குத் தனி உரிமை இருந்தது. 1947 சட்டத்துக்குப் பிறகு அந்த ஆட்டம் கோயிலில் இல்லை. விதான ஓவியத்தில் ஆடிக்கொண்டிருக்கும் பெண்களை அந்த நினைவோடு பாருங்கள்.

கடன் தீர எங்கே வேண்டிக்கொள்வது?

உள்ளே ருணவிமோசனர் சன்னதி இருக்கிறது. ருணம் என்றால் கடன். தவணையை மறக்காமல் கட்டுங்கள் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குளம் கோயில் அளவுக்கே பெரியதாமே?

'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி' என்பது ஊர் வாய்ச்சொல். ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கமலாலயத்தின் நடுவே நாகநாதர் கோயில், படகில் போக வேண்டும். பார்வையில்லாத தண்டியடிகள் கயிறு கட்டி, கயிற்றைத் தடவித் தடவி நடந்து மண் தோண்டிக் கொட்டிய குளம் இது. கரை வரை போகும்போது கயிற்றின் அந்த முனை எங்கே கட்டியிருந்திருக்கும் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

ஆழித்தேர் எப்போது? எங்கே நின்று பார்ப்பது?

பங்குனி உத்திரப் பெருவிழாவில், ஆயில்ய நட்சத்திரத்தன்று ஓட்டுவது மரபு. வருடா வருடம் தேதி மாறும், அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை 300 டன் அளவில் என்பார்கள். 'ஆழித்தேர் வித்தகன்' என்று அப்பர் பாடியிருக்கிறார். இப்போதைய தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தவை.

வடம் பிடிக்க எங்கும் நிற்கலாம். பார்ப்பதற்கு என்றால் வீதி முனைதான் இடம். நேர் வீதியில் தேர் தானாக வருவதுபோல வரும். முனையில்தான் அதன் எடை தெரியும். சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டு, வழுக்க மசகு தடவி, முட்டுக்கட்டைக்காரர்கள் ஓடி ஓடிக் கட்டையைக் கொடுப்பார்கள். அவர்கள் மேலே பார்ப்பதே இல்லை, கண் முழுக்கச் சக்கரத்தில். அத்தனை பெரிய மலை கிறீச்சென்று அரை முழம் நகரும், நிற்கும். யாரோ கையைத் தூக்குவார்கள். 'ஆரூரா! தியாகேசா!' என்று வீதி முழுக்க ஒரு சத்தம். இன்னும் அரை முழம்.